சாம்பிள் எடுக்கும் செவ்வாய்

நாலாயிரம் பேருக்குச் சமைக்கும் இடத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று முன்பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் யோசிப்பதில்லை. யோசித்தால் சாப்பாடு இறங்காது என்பது வேறு விஷயம். அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு நாளைக்கு எட்டு டின் எண்ணெய் காயும். பெரும்பகுதி வயிற்றுக்குள் போகும், கொஞ்சம் புகையாகும், மீதி தட்டு, கரண்டி, வாணலி, தரை என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு, கழுவுகிற தண்ணீரோடு வெளியே வரும். தண்ணீரோடு போனால் ஒழிந்தது என்று நினைக்கிற புண்ணியவான்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அது ஒழியாது. குழாய்க்குள் போய் ஆறி, கட்டி தட்டி, சாக்கடையை அடைத்து, ஒரு மழை நாளில் நம் வாசலுக்கே திரும்பி வந்து நிற்கும்.

அப்படி வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் ஆளின் வேலை. கேன்டீனில் அவரைத் தொட்டிக்காரர் என்பார்கள். வயது ஐம்பத்தொன்று. பதினேழு வயதில் அப்பா போய்ச் சேர்ந்ததும் பாத்திரம் கழுவ வந்தவர். பிறகு காய் நறுக்கினார், பிறகு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தபோது நாற்பது ஆகியிருந்தது. அந்த வருஷமே சட்டி சரிந்து இடது கை முழங்கை வரை வெந்துபோனது. இனி அடுப்புப் பக்கம் வேண்டாம் என்று மேனேஜர் பின்பக்கம் அனுப்பினார். தண்டனை மாதிரிதான் போனார். பதினோரு வருஷம் ஆகிறது, இப்போது யாராவது கூப்பிட்டால்கூட முன்பக்கம் வர மாட்டார்.

பின்பக்கத்தில் மூன்று குழிகள். முதல் குழியில் எண்ணெய் மேலே மிதக்கும், அதை அள்ளி டிரம்மில் போட வேண்டும். சோப்போடு கலந்து அள்ள முடியாமல் போகிற எண்ணெய் இரண்டாவதுக்கு, அதாவது பெரிய தொட்டிக்குப் போகும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. எண்ணெய் வந்ததும் அவை ஒரு சாற்றை விட்டு அதைச் சின்னச் சின்னதாக வெட்டும், வெட்டியதைத் தின்னும், தின்று பெருகும். கடைசிக் குழியில் பார்த்தால் அவை அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

தொட்டிக்காரர் அவற்றைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வார். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். தினமும் யூரியா கரைத்து ஊற்ற வேண்டும், வெறும் எண்ணெயைத் தின்று எந்த உயிரும் பிழைக்காது. மூச்சு விட அவற்றுக்குக் காற்று வேண்டும், அதற்கு அடியில் குழாய் போட்டு மேலே ஒரு மோட்டார் ராத்திரி பகலாக ஓடும். காலையில் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, அரை மணி நேரம் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார். நிறம் பழுப்பாக இருக்க வேண்டும். மழை விழுந்த மண்ணின் வாசனை வர வேண்டும். இஞ்சினியர் இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது இவ்வளவுதான். மிச்சத்தை அவர் மூக்கும் காதும் கற்றுக்கொண்டன. மோட்டார் சத்தத்தில் ஒரு சின்ன பிசிறு விழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையோடு எழுந்து ஓடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள் லீவு கிடையாது. தங்கையின் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றுகூட யூரியா ஊற்றிவிட்டுத்தான் போனார்.

சரி, கதைக்கு வருவோம். நாலு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, சோதனைக்கூடத்தின் வேன் பின்கேட்டில் வந்து நிற்கும். அதிலிருந்து ஐஸ் பெட்டியோடு ஓர் அம்மா இறங்குவார். கேன்டீனில் அவருக்குச் சாம்பிள் அம்மா என்று பெயர். நாற்பத்தேழு நாற்பத்தெட்டு இருக்கும். இரண்டு வருஷமாக வருகிறார். வந்த முதல் நாளே தொட்டிக்காரர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று சாம்பிள் பாட்டிலை வாங்கி அந்தத் தண்ணீரிலேயே அலசப் போனார். அந்தம்மா கையைத் தட்டிவிட்டார்.

"அலசக் கூடாது. எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி பிடிச்சா கணக்கு தப்பா வரும்."

"கழுவி வச்சா நல்லதுன்னு நினைச்சேன்."

"எல்லாத்தையும் கழுவுற இடத்துல இருந்து வந்தவர் போலிருக்கு," என்று சொல்லிச் சிரித்தார். தொட்டிக்காரர் அன்று சாய்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாலு வாரமும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் ஓடின. அந்தம்மா வருவார், கடைசிக் குழியில் பாட்டிலைப் பிடிப்பார், சாம்பிள் கெடாமலிருக்க இரண்டு சொட்டு அமிலம் விடுவார், பெயர் எழுதி ஒட்டுவார், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வார், போவார். அந்தப் பத்து நிமிஷத்தில் உதிர்ந்ததையெல்லாம் இவர் பொறுக்கி வைத்துக்கொண்டார். கணவர் இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகன், வேறு ஊரில் வேலை. மத்தியானச் சாப்பாட்டை வேனிலேயே தனியாகச் சாப்பிடுகிறார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்திருக்கிறது, மாற்ற நேரமில்லை. இப்படி இரண்டு வருஷத்தில் பதினைந்து பதினாறு விஷயம் சேர்ந்திருந்தது. தனியாக இருக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். ஆனால் எதிரில் நின்றால் வாயில் வருவதெல்லாம் தொட்டி விவகாரம்தான். நுரை கொஞ்சம் ஜாஸ்தி, யூரியா விலை ஏறிடுச்சு, நேத்து மீன் பொரிச்சாங்க. இந்த லட்சணத்தில் காதல்.

அவர் குடியிருந்தது பெரிய தங்கையின் வீட்டு மாடியில். தங்கைக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சாம்பிள் நாளுக்கு முதல் நாள் அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போடுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள்?

"அந்தம்மா உன்னை என்னன்னு கூப்பிடுறாங்க?"

"ஒண்ணும் கூப்பிடுறதில்லை."

"ஒண்ணும் கூப்பிடாம எப்படிப் பேசுறாங்க?"

"இங்க பாருங்கன்னுவாங்க. கேட்டீங்களான்னுவாங்க."

தங்கை கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கேட்ல இருக்கிற செக்யூரிட்டியை?"

"அண்ணா."

"மேனேஜரை?"

"சார்."

"பெரிய சமையல்காரரை?"

"அவரையும் அண்ணாதான்."

"அப்போ உன்னை மட்டும் அண்ணாவாக்க மனசு வரலை," என்றாள் தங்கை. "நீ ஒரு மண்ணு. போய்ப் பேசு. ரெண்டு வருஷமா சாக்கடையைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தா எவளுக்குத்தான் புரியும்?"

அன்றிலிருந்து அந்த இல்லாத சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தம்மா வாயைத் திறக்கும்போது இவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், எங்கே இன்றைக்கு அண்ணா வந்துவிடுமோ என்று. வராது. வேன் போனதும் அதற்காகவே ஒரு டீ கூடுதலாகக் குடிப்பார்.

அப்படி ஒரு சாம்பிள் செவ்வாயில் அந்தம்மா ஒரு தாளோடு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"இங்க பாருங்க, நல்ல சேதி. லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம். உங்க தண்ணில எண்ணெய் மூணு, நாலுக்கு மேல போனதே இல்லை. தொடர்ந்து பன்னெண்டு தடவை. எங்க கையில இருக்கிற நாப்பது இடத்துல இப்படி ஒண்ணு கிடையாது."

தொட்டிக்காரருக்குக் காது சிவந்தது. "பிள்ளைங்க வேலை."

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மாசாமாசம் வர வேண்டியதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போதும். உங்களுக்கும் தொந்தரவு குறையும்."

நல்ல சேதியாம். பதில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னது என்ன தெரியுமா? "சரிங்க மேடம், நுரைகூட இப்போ குறைஞ்சிருக்கு" என்றார். அந்தம்மா அவரையே ஒரு நொடி பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை. இருபது நிமிஷம். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பணி ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம், மொத்தம் பதினாலு முறை. உழைத்து உழைத்து, தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, கடைசியில் அந்தம்மாவை இந்தப் பக்கமே வரவிடாமல் அடித்தது தன் கைதான். வேலை மட்டமாகச் செய்கிற இடங்களுக்கெல்லாம் அந்தம்மா மாசாமாசம் போவார். பக்கத்து பிஸ்கட் கம்பெனியில் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் ஒரு சோம்பேறி, அவனுக்கு மாதம் இரண்டு முறைகூடத் தரிசனம் கிடைக்கும். இந்த அநியாயத்தை நினைத்து நினைத்து நம் ஆள் வெந்துபோனார்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. ஒரே ஒரு தடவை தண்ணீர் கெட்டால் போதும். மூன்றுக்குப் பதில் பன்னிரண்டு. மறு சாம்பிள் எடுக்கப் பத்து நாளில் வர வேண்டும், மாதாமாதம் வருவதும் தொடரும். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பிள்ளைகளுக்கு ஒரு நாள் காய்ச்சல் மாதிரி, அவ்வளவுதான்.

முதலில் ஒரு நாள் அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். அந்த அமைதியில் அவருக்கே மூச்சு முட்டியது. தொட்டி அசையவில்லை. தண்ணீர் அப்படியே தெளிந்து நின்றது. இவர் வளர்த்த வளர்ப்பு அப்படி.

சாம்பிளுக்கு முதல் நாள் திங்கள்கிழமை. திங்கள்தான் சமையலறையில் பழைய எண்ணெயை மாற்றுகிற நாள். பழையதை டிரம்மில் ஊற்றி வைக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து எடுத்துப் போகும். ஆனால் சமையல்காரர்களுக்கு டிரம் வரை நடக்கக் கால் வலிக்கும். பக்கத்திலேயே குழிகளுக்குப் போகிற கால்வாய் இருக்கிறதே. அதனால் பதினோரு வருஷமாகத் திங்கள் மத்தியானம் தொட்டிக்காரர் கால்வாயோரம் போய் நின்றுகொண்டு, ஊற்ற வருகிறவனைக் கண்ணாலேயே சுடுவார். அன்று போகவில்லை. தன் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். முதல் குழியில் எண்ணெயையும் அள்ளவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

உள்ளே பாத்திரச் சத்தம், சிரிப்பு, தண்ணீர் கொட்டும் சத்தம். இன்றைக்குக் கண்காணிக்க ஆளில்லை என்பது சமையலறைக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது பாருங்கள். அவர் நினைத்த மாதிரி இரண்டு டின் அல்ல, நாலைந்து டின் சூடாக இறங்கியிருக்க வேண்டும். ஐந்தரை மணிக்கு அவர் மோட்டாரைப் போட்டபோது தொட்டி கொதிக்கிற மாதிரி நுரைத்துக்கொண்டு எழுந்தது. வெள்ளை நுரை சுவரைத் தாண்டி அவர் செருப்பின் மேல் வழிந்தது.

காலையில் ஏழு மணிக்கு வந்தார். கேட்டுக்கு இந்தப் பக்கமே நாற்றம் வந்தது, அழுகின முட்டை நாற்றம். தொட்டி கறுப்பாகக் கிடந்தது. மேலே எண்ணெய் ஓர் ஆடை மாதிரி மூடியிருந்தது. குவளையில் மொண்டு வைத்தார். அரை மணி நேரமாயிற்று, ஒரு மணி நேரமாயிற்று, எதுவும் படியவில்லை. கஷாயம் மாதிரி அப்படியே நின்றது. பன்னிரண்டு கேட்டவருக்கு இருநூறு கிடைத்திருந்தது. அவர் அந்தக் குவளையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். கேட்க யாருமில்லை.

பத்தரைக்கு வேன் வந்தது. அந்தம்மா இறங்கும்போதே மூக்கைச் சுளித்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். நேராகக் கடைசிக் குழிக்குப் போய்ப் பாட்டிலைப் பிடித்தார், அமிலம் விட்டார், ஒட்டினார். பிறகு மோட்டார் மீட்டர் முன்னால் போய் நின்று, பழைய தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"நாலு வாரத்துக்கு அறுநூத்தி எழுபத்திரண்டு மணி நேரம். இதுல அறுநூத்தி அறுபத்தேழுதான் இருக்கு."

தொட்டிக்காரர் மீட்டரைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார்.

"அஞ்சு மணி நேரம் குறையுது. கரண்ட் போச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தம்மா அதை எழுதிக்கொண்டு போயிருப்பார். தப்பிக்கிற வழியை அவரே கதவு திறந்து காட்டினார். நம் ஆள் வாயைத் திறந்தார்.

"போகலை மேடம். நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"எண்ணெய் ஊத்தறதையும் தடுக்கலை. தெரிஞ்சேதான் விட்டேன்."

"அதான் எதுக்குன்னு கேட்கிறேன்."

"தண்ணி நல்லா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவேன்னு சொன்னீங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பேசியபோது குரலில் கோபம்தான் இருந்தது.

"பதினோரு வருஷம் வளர்த்ததை ஒரே நாள்ல கொன்னுட்டு நிக்கறீங்க. உங்களுக்குப் புத்தி இருக்கா? நான் போற இடத்துலயெல்லாம் போய்ப் பாருங்க, ஒருத்தர் எப்படி வச்சிருக்கார்னு உங்களைத்தானே சொல்லிக்கிட்டுத் திரியறேன்!"

"தப்புதான்."

"ரிசல்ட் என்ன வருதோ அதைத்தான் எழுதுவேன். ஒண்ணும் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம்."

"மறு சாம்பிளுக்கு நான் வர மாட்டேன். எனக்காகக் கெட்டுப்போன தண்ணியை நானே எடுத்துச் சோதிக்கிறது சரியில்லை. இனிமே இந்த இடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லிடுவேன்."

ஆக, எதற்காகச் செய்தாரோ அதுவும் போயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்தது இப்போது ஒரு முறையும் இல்லை. தலையை ஆட்டினார். நியாயம்தானே. அந்தம்மா ஐஸ் பெட்டியை மூடினார், தூக்கினார், நாலடி நடந்தார், நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு," என்றார் திரும்பாமல். "உங்களுக்கு எப்போ?"

அவருக்குக் கேட்டது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் மலர்ந்தது, மலர்ந்த வேகத்திலேயே வாடியது. கறுத்துக் கிடக்கும் தொட்டியைப் பார்த்தார். இந்த எண்ணெயையெல்லாம் கையால் அள்ள வேண்டும். ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெஞ்சிப் புதுசாக நுண்ணுயிர்ச் சேறு வாங்கிவந்து ஊற்ற வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி முதல் நாள் ஒரு வாளித் தண்ணீர், மறுநாள் இரண்டு வாளி என்று பழக்க வேண்டும். ஒரு நாள் கண்ணை எடுத்தாலும் மறுபடி செத்துப்போகும்.

"இப்போ ஒரு நாள்கூட நகர முடியாதுங்க," என்றார். மேடம் என்கிற சொல் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "இதுங்க தேற ஆறு வாரம் ஆகும். உங்களை ஆறு வாரம் பொறுத்துக்கோங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அந்தம்மா இப்போது திரும்பினார்.

"ரெண்டு வருஷம் பொறுத்துக்கிட்டு இருந்தவளுக்கு ஆறு வாரம் என்னங்க?"

வேன் போய்விட்டது. தொட்டிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, குனிந்து, எண்ணெயை அள்ள ஆரம்பித்தார். மூன்றாவது வாளி நிறைந்தபோதுதான் அழுகை வந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய், துடைத்துக்கொள்ள முடியவில்லை, அப்படியே அள்ளிக்கொண்டிருந்தார்.